ஆற வைத்த குழாய்

அந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ஐஸ் அக்கா என்று பெயர். யார் எந்தக் குழாயைக் கையில் எடுத்தாலும் முதலில் அவள் குரல்தான் கேட்கும்: ஐஸ்ல வை. பழக்கதோஷத்தில் ஒருமுறை டீக் கோப்பையோடு வந்தவரிடமும் அதையே சொல்லிவிட, கூடமே சிரித்தது. எல்லாவற்றையும் ஐஸில் வைக்கத் தெரிந்தவளுக்கு மேலிடத்துக்கு ஐஸ் வைக்க மட்டும் தெரியவில்லை, அதனால்தான் தலை நரைத்தும் அதே முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று கிண்டல் செய்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். முக்காலியைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. தப்பான முடிவு ஒன்றுகூடத் தன் கையிலிருந்து வெளியே போனதில்லை என்பதுதான் அவளுடைய கர்வம். அதைக் கேட்பவர்கள், கேட்காதவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவள் பார்த்த வேலையைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புரதங்கள் மடங்கிக் கிடக்கின்றன. அதில் ஒன்றை வேலைக்கு எழுப்ப வேண்டுமென்றால், இன்னொரு புரதம் வந்து அதன்மேல் பாஸ்பேட் என்ற சின்னத் துணுக்கு ஒன்றை ஒட்டிவிட்டுப் போகும். துணுக்கு என்னவோ தூசிதான். ஆனால் அதில் இருக்கும் மின்னேற்றம் பக்கத்தில் உள்ளதை இழுக்கும், தள்ளும். புரதம் முறுக்கிக்கொண்டு வேறு வடிவத்துக்கு வரும். மூடியிருந்த பக்கம் திறந்து வேலை ஆரம்பித்துவிடும். வேலை போதும் என்றால் வேறொரு புரதம் வந்து அந்தத் துணுக்கைக் கழற்றும், அது பழையபடி மடங்கிப் படுத்துக்கொள்ளும். சிலவற்றில் நேர்மாறாகவும் நடக்கும், ஒட்டினால் ஓய்வு, கழற்றினால் வேலை. எப்படியானாலும் ஒட்டுகிறவையும் கழற்றுகிறவையும் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டு ஓயாமல் வேலை செய்வதால்தான் நாம் நடமாடுகிறோம். செய்ததைக் கழற்றிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும் அந்த வசதி புரதத்துக்கு இருக்கிறது, மனுஷ ஜென்மத்துக்கு இல்லை.

எந்தப் புரதத்தின் மேல் துணுக்கு இருக்கிறது, எதன்மேல் இல்லை என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. பார்ப்பதற்குச் செல்லை உடைக்க வேண்டும், தொல்லையே அங்கேதான். உடைத்த கணத்தில் உள்ளே தனித்தனியாக இருந்ததெல்லாம் கலந்துவிடும். கழற்றுகிற புரதங்கள் கேட்பார் மேய்ப்பார் இல்லாமல் கண்ணில் பட்ட துணுக்கையெல்லாம் கழற்றித் தள்ளும். உடம்புக்குள் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்த புரதம் குழாய்க்குள் பரம சாதுவாகத் தெரியும். அதனால்தான் ஐஸ், குளிரில் அவற்றின் கை மந்தமாகும். மந்தமானால் மட்டும் போதாது, கட்டியும் போட வேண்டும். அதற்காகச் செல்லை உடைக்கும் கரைசலில், அதைப் பஃபர் என்பார்கள், வனடேட் என்ற உப்பைச் சேர்ப்பார்கள். அது லேசில் வழிக்கு வராத உப்பு. கரைத்தால் மஞ்சளாக நிற்கும். மஞ்சளாக இருக்கிற வரைக்கும் அதனால் முழுப் பயன் இல்லை. கொதிக்க வைத்து, தண்ணீர் மாதிரி தெளிந்ததும் ஆற வைத்து, எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பஃபரில் விட வேண்டும். பக்கத்து முக்காலிக்காரி தினமும் காலையில் இதையெல்லாம் செய்து பொதுப் புட்டியில் கலந்து வைத்துவிடுவாள். மற்றவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். வனடேட்டைப் பற்றி வேறு யாரும் நினைக்க வேண்டிய அவசியமே கிடையாது.

ஐஸ் அக்காவின் வீட்டுக்காரர் கடைகளுக்கு இரும்பு ஷட்டர் மாட்டுகிறவர். பழுதும் பார்ப்பார். நல்ல தோள், அதைவிட நல்ல வாய். இடது விலாவுக்குக் கீழே கனக்கிறது, படுத்தால் சட்டை நனைகிறது என்று அவர் சொல்ல ஆரம்பித்தபோது வயசாகிறது என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ரத்தம் பார்த்தார்கள். டாக்டர் சொல்லுமுன் அவளுக்கு விளங்கிவிட்டது. எலும்பு மஜ்ஜையில் இரண்டு ஜீன்கள் தப்பாக ஒட்டிக்கொண்டு, நிறுத்தவே தெரியாத ஒட்டுகிற புரதம் ஒன்றை உண்டாக்கிவிட்டன. அது அக்கம்பக்கத்துப் புரதங்கள் மேலெல்லாம் துணுக்கை ஒட்டித் தள்ள, வெள்ளணுக்கள் பெருகிக்கொண்டே போயின. வீட்டில் அவள் இதைப் பக்குவமாக விளக்கியபோது அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "ஷட்டர் ஏறிட்டு எறங்க மாட்டேங்குது. அவ்வளவுதானே?" என்றார். அவள் அழ இருந்தவள் சிரித்துவிட்டாள்.

மாத்திரை கொடுத்தார்கள். அந்தப் புரதத்தில் இருக்கும் ஒரு பள்ளத்தில் மாத்திரை போய் உட்கார்ந்துகொண்டால், அது திறக்க முடியாமல் மடங்கின வடிவத்திலேயே சிக்கிக்கொள்ளும், ஒட்டுகிற வேலை நின்றுபோகும். நின்றது. விலாக் கனம் குறைந்தது, அவர் மறுபடி ஏணி ஏறினார். சில நல்ல வருஷங்கள் அப்படிப் போயின. அவ்வப்போது அவர் ரத்தம் அடித்தளத்துக்கு வரும். அந்தக் கெட்ட புரதத்தின் பக்கத்தில் இருக்கும் ஒரு புரதத்தின் மேல் துணுக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் மாத்திரை தோற்றுவிட்டது என்று அர்த்தம். அவர் குழாய் வந்தால் அவள் எழுந்து வெளியே போய்விடுவாள். சொந்தக்காரர் ரத்தத்தைச் சொந்தக்காரர் தொடக் கூடாது என்பது அந்தக் கூடத்துக்குத் தலைவியாக இருந்த மேடம் போட்ட சட்டம். ஆசையும் பயமும் வைத்துக்கொண்டு அளக்க முடியாது என்பார் மேடம்.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் வெள்ளணுக்கள் மெல்ல ஏறத் தொடங்கின. டாக்டர் இரண்டு வழி சொன்னார். மாத்திரை தோற்றிருந்தால், நோய் அடங்கியிருக்கும்போதே மஜ்ஜை மாற்றிவிட வேண்டும். நோய் முற்றிய பிறகு மாற்றிப் பிரயோஜனமில்லை. மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தால், ஏற்றத்துக்குக் காரணம் வேறு ஏதோ தொற்று, மஜ்ஜையில் கை வைக்கவே கூடாது. அந்தச் சிகிச்சையே ஆளைக் கொன்றாலும் கொல்லும். ஜீன் அளவு பார்க்கும் இயந்திரம் பழுதாகிக் கிடந்தது, வெளியே அனுப்பினால் வாரக்கணக்காகும். ஆகவே அடித்தளத்தில் பார்க்கும் சோதனைதான் முடிவு சொல்ல வேண்டும்.

மஜ்ஜை கொடுக்க ஆள் இருந்தார். வீட்டுக்காரரின் தம்பி, சரக்குக் கப்பலில் சமையல்காரர். பொருத்தம் பார்த்து, அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் மூக்குகூட வேறு வேறு, மஜ்ஜை மட்டும் ஒன்று என்று வீட்டில் வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள். தம்பி விடுப்பில் வந்து இவர்கள் வீட்டுக் கூடத்தில்தான் படுத்திருந்தார். கப்பல் கம்பெனி கூப்பிட ஆரம்பித்துவிட்டது. வருகிறாயா, வேறு ஆள் போடட்டுமா என்று கேட்டார்கள். போனால் நடுக்கடலில் பல மாதம்.

சோதனை நடக்க வேண்டிய அன்று பக்கத்து முக்காலிக்காரி வரவில்லை, அவள் பிள்ளைக்குக் காய்ச்சல். நாளைக்குப் பார்க்கலாம் என்றார் மேடம். நாளை என்றால் கப்பல் கம்பெனிக்கு என்ன பதில் சொல்வது? இந்த ஒரு தடவை நானே பார்க்கிறேன் என்று அவள் கேட்டாள். இத்தனை வருஷத்தில் எதையும் கேட்காதவள் கேட்டதால் மேடம் சரி என்றுவிட்டார். உண்மையைச் சொன்னால், அவள் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். தன் கையே தனக்கு உதவி என்று நினைத்துக்கொண்டாள்.

குளிர்பெட்டியில் பொதுப் புட்டி இருந்தது, முந்தின நாள் கலந்தது. அதில் ஒரு குறையும் இல்லை, வேறு யார் ரத்தமாக இருந்தாலும் அதையே எடுத்திருப்பாள். தன் வீட்டு ரத்தத்துக்கு நேற்றைய பழசா என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கென்று புதுசாகப் பஃபர் கலந்தாள். உப்பு, சோப்புக் கரைசல் எல்லாம் அளந்து, ஒவ்வொன்றையும் திரும்பிப் பார்த்து, அப்படி ஒரு சிரத்தை. வனடேட்டைக் கரைத்துச் சூடேற்றினாள். மஞ்சள் போய்த் தெளிந்தது. மூடியில் பேனாவால் எழுதி, சூடேற்றும் கருவிக்குப் பக்கத்தில் ஆற வைத்தாள்.

அப்போது ஃபோன் அடித்தது. கொழுந்தன்.

"அண்ணி, கம்பெனில மறுபடி கூப்பிட்டாங்க. என்ன சொல்றது?"

இப்போதுதான் ஆரம்பிக்கிறேன், நாளைக்குக் காலை வரை இழுத்துப் பிடியுங்கள் என்றாள். அவர் விடவில்லை. அண்ணனுக்குக் கொடுக்காமல் ஓடினவன் என்று பேர் வாங்கக் கூடாது, அதனால் வேலை போனாலும் பரவாயில்லை என்றார். அப்படியெல்லாம் பேசாதீங்க என்று அவள் சமாதானம் சொல்லி வைத்தபோது, மேலேயிருந்து ரத்தம் வந்து நின்றது. ரத்தம் காத்திருக்காது. வெள்ளணுக்களைப் பிரித்தாள், பஃபர் விட்டு உடைத்தாள், ஐஸில் புதைத்தாள். எல்லாம் ஐஸில், ஒவ்வொரு நிமிஷமும் ஐஸில். பஃபர் என்றால் வனடேட் உள்ளே இருக்கும் என்றே பழகின கை அது. ஆற வைத்த குழாய் ஆறிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை முடிவு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த பழைய நோயாளியின் மாதிரி, அது என்றைக்கோ பொதுப் புட்டியில் செய்து உறைய வைத்தது, கறுப்பாகப் பட்டை காட்டியது, துணுக்கு இருக்கிறது என்று அர்த்தம். அதன் பக்கத்தில் வீட்டுக்காரருடைய இடம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. புரதமே விடுபட்டுவிட்டதோ என்று மேடம் அதையும் பார்த்தார். புரதம் இருந்தது, துணுக்குதான் இல்லை. மாத்திரை ஜெயித்திருக்கிறது. ஐஸ் அக்கா முக்காலியில் உட்கார்ந்து, கையுறையைக்கூடக் கழற்றாமல், முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுது அந்தக் கூடம் அதுவரை பார்த்ததில்லை.

அன்றைக்குக் கேக் வாங்கிப் போனாள். தம்பி அண்ணனைக் கட்டிக்கொண்டு, உன் மஜ்ஜையை நீயே வச்சுக்கோ, என்னுது எனக்கு வேணும் என்றார். சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்காரர் துறைமுகம் வரைக்கும் போய் வழியனுப்பினார். வந்த கையோடு ஏணிக்குப் புது ரப்பர் கால் மாட்டினார், தள்ளிப்போட்டிருந்த மார்க்கெட் ஷட்டர் வேலைக்கு முன்பணம் வாங்கினார். சாயங்காலங்களில் இருவரும் நடக்கப் போனார்கள். கல்யாணமான புதுசில்கூட அப்படி நடந்ததில்லை. அந்த வெள்ளணுக்கள் மட்டும் இறங்காமல் இருந்தன. தொற்று, மெல்லத்தான் போகும் என்றார் டாக்டர். அவளும் அதையே திருப்பிச் சொன்னாள், அவளுக்கு வெள்ளை வெளேரென்று ஆதாரம் இருந்தது.

பின்பு ஒரு நாள் கூடத்தைச் சுத்தம் செய்தார்கள். சூடேற்றும் கருவியை நகர்த்தச் சொன்னதே அவள்தான். அதன் பின்னால், சுவர் ஓரத்தில் ஒரு குழாய் கிடந்தது. எடுத்துத் துடைத்தாள். மூடியில் அவள் கையெழுத்து. உள்ளே தண்ணீர் மாதிரி தெளிவாக, முழுசாக, ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் வனடேட்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனை விழுந்தால் அடியில் யார் கிடக்கிறார்கள் என்று பழமொழி சொல்வதில்லை. அவள் அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரோ, என்ன அக்கா, அதையும் ஐஸில வைக்கணுமா என்று கேட்டார்கள். அவளுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. அவர் உடம்பில் துணுக்கு இருந்திருக்கிறது. அதைக் கழற்றியது மாத்திரை இல்லை, வனடேட் சேராத அவள் குழாய்.

நேரே மேடத்திடம் போய்ச் சொன்னாள். ஒளிக்கத் தோன்றவில்லை என்பதை அவள் கணக்கில் வரவு வைக்கலாம், வேறு வரவு இல்லை. மேடம் திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புதிதாக ரத்தம் எடுத்து, பக்கத்து முக்காலிக்காரியே பொதுப் புட்டியில் செய்தாள். ஐஸ் அக்கா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். முடிவை யாரும் வந்து சொல்லவில்லை. கூடத்தில் பேச்சு அடங்கியதிலேயே தெரிந்துகொண்டாள். பட்டை கறுப்பாக இருந்தது, ஒப்பிட வைத்ததைவிடக் கறுப்பாக.

கப்பல் கம்பெனிக்கு ஃபோன் மேல் ஃபோன் போட்டார்கள். செய்தி போய்ச் சேர்ந்தது, கப்பல் திரும்பவில்லை. ஒரு சமையல்காரருக்காகச் சரக்கைத் திருப்புவார்களா? அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுகிறோம் என்றார்கள். அடுத்த துறைமுகம் உலகத்தின் அந்தக் கோடியில் இருந்தது. புது ரத்தத்தில் கொஞ்சம் வெளியே அனுப்பியிருந்தார்கள், அந்த ஜீன் சோதனையின் முடிவும் இதற்கிடையில் வந்தது. அந்தக் கெட்ட புரதத்தில் பள்ளத்தின் வாசலிலேயே ஒரு சின்ன மாற்றம், மாத்திரை உட்கார இடமில்லை. டாக்டரின் கையில் இருந்த வேறு மாத்திரைகளுக்கும் அதே கதி. தம்பி கடலில் வந்துகொண்டிருக்கும்போதே வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் கண்டது, ஈறில் ரத்தம் கசிந்தது. நோய் முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது, தம்பி வந்தால் செய்யலாமா என்று அவள் கேட்டாள். டாக்டர் மேஜையையே பார்த்துக்கொண்டு, வரட்டும் பார்க்கலாம் என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவளுக்குத் தெரியாதா?

வீட்டுக்காரரிடம் ஒரு மத்தியானம் சொன்னாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, பஃபர், வனடேட், குழாய் என்று எதையும் விடாமல் சொன்னாள். தன்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அவர் கூரையைப் பார்த்தபடி கடைசிவரை கேட்டார்.

"நானும் ஒரு தடவை ஒரு கடையில பூட்டு முளை போடாம வந்துட்டேன்," என்றார் பிறகு. "எல்லாம் முடிச்சு, துடைச்சு, கிரீஸ் போட்டு, முளை மட்டும் போடல. மறுநாள் கடை காலி."

"அந்தக் கடைக்காரர் என்ன சொன்னாரு?"

"என்ன சொல்றது. அழுதாரு."

அவர் கை அவள் கையைத் தேடி வந்தது. தோள் வற்றிப்போயிருந்தாலும் விரல்கள் இன்னும் தடித்த விரல்களாகவே இருந்தன.

"தம்பிகிட்ட மட்டும் சொல்லாத. எனக்கப்புறம் உனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். நோய் திடீர்னு வந்துடுச்சுன்னு சொல்லு."

அவள் சரி என்று தலையாட்டினாள். அது அவர் கேட்ட கடைசி வாக்கு.

தம்பி வந்து சேர்ந்தபோது அண்ணனுக்கு ஆள் அடையாளம் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. அவர் பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே வந்திருந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, இப்பவே எடுங்க, எவ்வளவு வேணும்னாலும் எடுங்க என்று நர்ஸிடம் நின்றார். டாக்டர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கேட்டுவிட்டு வந்தவர் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாளும் டீ ஆறி ஆடை கட்டி அப்படியே இருந்தது. நான் போயிருக்கக் கூடாது, கம்பெனி கிடக்குதுன்னு இருந்திருக்கணும், சம்பளத்துக்கு ஆசைப்பட்டு அண்ணனை வித்துட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு நெற்றியைச் சுவரில் முட்டிக்கொள்ள ஆரம்பித்தார். வலிக்கிற மாதிரி இல்லை, ஆனால் நிறுத்தவும் இல்லை.

அவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கட்டிலில் கிடப்பவருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். இவர் செய்யாத பாவத்தை ஆயுசுக்கும் சுமக்கப்போகிறார் என்பது இன்னொரு பக்கம். தன்னை வெறுத்தாலும் வெறுக்கட்டும், தனியாகவே கிடந்து போகலாம், இந்த மனுஷனாவது நிமிர்ந்து நடக்கட்டும் என்று முடிவு செய்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். நீங்க போனதுக்குக் காரணமே என் முடிவுதான், உங்க மேல ஒரு தப்பும் இல்லை என்றாள். புதுசாகக் கலந்ததைச் சொன்னாள், ஆற வைத்ததைச் சொன்னாள், சேர்க்காமல் விட்டதைச் சொன்னாள்.

கொழுந்தன் முட்டுவதை நிறுத்தினார். அவளைப் பார்த்தார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அவர் முகத்தில் கோபம் இல்லை, எதையோ எண்ணிப் பார்க்கிற மாதிரி புருவம் சுருங்கியது.

"எப்படி அண்ணி மறந்தீங்க? நீங்க மறக்கிற ஆளே இல்லையே."

அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் ஃபோன் பண்ணேனே," என்றார் அவர். "அப்பவா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்தான், சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. அவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அவர் அதற்குமேல் கேட்கவும் இல்லை. மெல்லத் திரும்பி, மறுபடி நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டார்.